கடிதங்கள் சொல்லும் சாட்சி



கடித இலக்கியம் என்றதும் நம் நினைவுக்கு வருவன சில உண்டு. புலவர்கள் புரவலருக்கு விடுத்த சீட்டுக்கவிகள், மு. வரதராசன் அன்னைக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் நண்பர்க்கும் எழுதுவதாக அமைத்த நூல்கள், ரசிகமணி டி. கே. சி. தம் அன்பர்களுக்கு வரைந்த கடிதங்கள் என்று ஒரு வரிசை சொல்லலாம். மலையகத்திலே உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கும் நானும் இந்த வரிசையைத்தான் மாணவருக்குச் சொல்லி வருகிறேன். ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட கடிதங்களை எழுதியவர்கள் புலவர் அல்லர். அவர்கள் பிரெஞ்சு மொழியில் எழுதிய விஞ்ஞானிகள். அவர்களிற் சிலர் தமிழர் வாழும் மண்ணிலே நின்று வானத்தைப் பார்த்தவர்கள்.

இலக்கியக் கடிதத்தில் நாம் நயத்தைத் தேடுகிறோம். விஞ்ஞானியின் கடிதத்திலோ நயத்துக்கு முன்னர் மூன்று சங்கதிகள் நிற்கின்றன. மேலே எழுதிய இடம், அதன் பக்கத்தில் திகதி, கீழே கையொப்பம். எவர், எங்கே, எப்போது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே தாளில் விடை கிடைக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் கடிதம் சாட்சியாகிவிடும். இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

1868ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 18ஆம் திகதி ஒரு பூரண சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அதனைப் பார்ப்பதற்காக ஜூல் ஜான்சென் என்ற பிரெஞ்சு வானியலாளர் அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்கு வந்திருந்தார். அவர் கொண்டுவந்தது நிறமாலைகாட்டி என்னும் கருவி. தலவாக்கலைப் பாதையில் டெவன் நீர்வீழ்ச்சியை வெயில் நேரத்திற் பார்த்தவர்களுக்கு இக்கருவியின் வேலையை விளக்குவது கடினமன்று. நீர்த்திவலையிற் பட்ட வெயில் ஏழு வண்ணமாகப் பிரிகிறதல்லவா? அதுபோலக் கண்ணாடிப் பட்டகத்தினூடே ஒளியைப் பிரித்து, எந்தெந்த நிறத்தில் பிரகாசமான கோடு விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய கோடுகளைக் காட்டும். ஆகவே ஒளியைக் கொண்டே அது புறப்பட்ட இடத்தில் என்ன பொருள் எரிகிறது என்று சொல்லிவிடலாம்.

கிரகணத்தின்போது சூரியனின் விளிம்பிலே தீக்கொழுந்து போன்ற செந்நிற எழுச்சிகள் தெரிவதுண்டு. ஜான்சென் அவற்றின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அவை பெரும்பாலும் ஐதரசன் வாயு என்று கண்டார். கோடுகள் அத்தனை பிரகாசமாக இருந்தமையால், கிரகணம் இல்லாத நாளிலும் இவற்றைப் பார்க்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது. மறுநாட் காலையே பார்த்தும்விட்டார். அதுவரை ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து சில நிமிடங்கள் மட்டுமே காணக்கிடைத்த காட்சி, இனி வெயிலுள்ள எந்த நாளிலும் காணக்கூடியதாயிற்று.

தொடர்ந்து பல நாள் அவதானித்த பின்னர், செப்ரெம்பர் 19ஆம் திகதி, காக்கிநாடாவிலிருந்து பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு விரிவான கடிதம் எழுதினார். சுயெஸ் கால்வாய் அப்போது திறக்கப்படவில்லை. கப்பலிற் போன தபாலை எகிப்தில் இறக்கி, ரயிலில் ஏற்றி, மீண்டும் கப்பலிற் சேர்க்க வேண்டும். அக்கடிதம் ஒக்டோபர் 26ஆம் திகதி கழகத்தின் அமர்வில் வாசிக்கப்பட்டது.

அதே அமர்வில் இன்னொரு கடிதமும் வாசிக்கப்பட்டது. இங்கிலாந்தில் நோர்மன் லொக்கியர் என்பவர் கிரகணம் எதையும் பாராமலே, ஒக்டோபர் 20ஆம் திகதி, அதே முறையைத் தாமாகக் கண்டறிந்து எழுதிய செய்தி அது. ஒருவர் கோதாவரிக் கரையோரத்தில், மற்றவர் லண்டன் பக்கத்தில். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. இரு கடிதங்களும் ஒரே நாளில் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன. யார் முந்தியவர் என்று பெரும் வழக்கு எழுந்திருக்கலாம். எழவில்லை. இரண்டிலும் திகதி இருந்தது, இடம் இருந்தது. கழகத்தார் இருவருக்கும் புகழைப் பகிர்ந்தளித்தனர். 1872இல் பிரெஞ்சு நாட்டில் இருவர் முகத்தையும் ஒன்றாகப் பொறித்த பதக்கமே வார்க்கப்பட்டது. சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சட் கோடு, பூமியில் அறியப்படாத ஒரு மூலகத்துக்குரியது என்று பின்னர் லொக்கியர் கருதினார். அதுவே ஹீலியம். 1895இல் வில்லியம் ராம்சே அதனைப் பூமியிலேயே கண்டெடுத்தார்.

பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் இதனிலும் விசேடமான ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தாம் கண்டறிந்ததை எழுதி, உறையிலிட்டு, முத்திரையிட்டு அனுப்பலாம். கழகத்தார் அதனைப் பிரிக்காமல், கிடைத்த திகதியைப் பதிந்து பூட்டி வைப்பர். எழுதியவரோ அவருடைய வாரிசோ கேட்டால், அல்லது நூறாண்டு கழிந்தால், அது திறக்கப்படும்.

அவ்வாறு காத்திருந்த ஓர் உறையின் கதை நெஞ்சை உருக்குவது. 'பெர்லின் அலெக்ஸாண்டர்பிளாட்ஸ்' நாவலை எழுதிய அல்பிரட் டோப்ளினின் மகன் வூல்ப்காங். நாஜிகளுக்குத் தப்பிப் பிரான்சுக்கு வந்து, அந்நாட்டுப் பிரஜையாகிய யூதக் குடும்பம் அவர்களுடையது. கணிதத்திற் பெரும் வல்லவராகிய அந்த இளைஞர் பிரெஞ்சுப் படையில் சாதாரணச் சிப்பாயாக இருந்தபோது, பாடசாலைப் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி ஒன்றில் ஓர் ஆய்வை எழுதி, 1940 பெப்ரவரியில் கழகத்துக்கு அனுப்பினார். ஜூன் 21ஆம் திகதி, ஜெர்மன் படை நெருங்கிவிட்ட வேளையில், கையிலிருந்த தாள்களை எரித்துவிட்டுத் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். வயது இருபத்தைந்து. அந்த உறை 2000ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் வேறு நாட்டறிஞர் கண்டறிந்து பெயர்பெற்ற கருத்துகள் சில அந்தக் கொப்பியிலே முன்னரே இருந்தன. கையிலிருந்த தாள்கள் சாம்பராயின. காப்பகத்திலிருந்த கொப்பி அறுபது ஆண்டு கழித்து அவருக்காகப் பேசியது.

இனி இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. எழுதி வைக்காத அறிவுக்கு என்ன நேரும்? அதனை அறிய ஜான்செனுக்கு நூறாண்டு முன்னே, புதுச்சேரிக்குப் போக வேண்டும்.

சூரியனுக்கு முன்னால் வெள்ளிக் கிரகம் ஒரு கரும்புள்ளியாகக் கடந்து செல்வது அரிய நிகழ்ச்சி. அதனைப் பல இடங்களிலிருந்து அளந்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம். 1761ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் திகதி நிகழவிருந்த கடப்பைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காக லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1760 மார்ச்சில் கப்பலேறினார். அவர் மலையாளக் கரையை அடைந்தபோது புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டது என்ற செய்தி எட்டியது. கப்பல் திரும்பிற்று. குறித்த நாளில் அவர் நடுக்கடலில் நின்றார். ஆடும் கப்பலிலிருந்து எடுத்த அளவு கணக்குக்கு உதவாது. அடுத்த கடப்பு 1769இல். மனிதர் ஊர் திரும்பவில்லை. எட்டாண்டு காத்திருப்பது என்று துணிந்தார். 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்து, இடிபாடுகளின் மேலே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். முன்னைய நாட்களெல்லாம் வானம் தெளிவாக இருந்தது. கடப்பு நிகழ்ந்த அந்தக் காலையில் மட்டும் மேகம் மூடிக்கொண்டது. இரு வாரத்துக்கு மேலாகப் பேனாவைத் தொடும் தைரியமே வரவில்லை என்று பின்னர் எழுதினார். 1771 ஒக்டோபரில் தாய்நாடு சேர்ந்தபோது அவர் இறந்துவிட்டதாகவே அங்கு கருதப்பட்டிருந்தது. உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர்.

இது பலரும் சொல்லும் கதை. நமக்கு வேண்டியது இதன் நடுவில் உள்ள ஒரு சிறு பகுதி. புதுச்சேரியில் இருந்த நாட்களில் லெ ஜென்டில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணிதம் பயின்றார். அந்தத் தமிழர் தாளும் எழுதுகோலும் எடுக்கவில்லை. நிலத்திலே சோகிகளைப் பரப்பி, அவற்றை நகர்த்தி, மனனஞ் செய்த வாக்கியங்களை முணுமுணுத்துக் கணக்கிட்டார். 1765 ஓகஸ்ட் 30ஆம் திகதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தை இம்முறையிற் கணித்தபோது, அது நீடித்த நேரத்திலே 41 விநாடி மட்டுமே குறைந்தது. அக்காலத்து ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையாகிய மேயரின் கணக்கிலோ 68 விநாடி கூடிவிட்டது.

அந்த வாக்கியங்கள் எவை? நம் வீட்டுச் சுவரிலே தொங்கும் பஞ்சாங்கத்தில் வாக்கியம் என்றும் திருக்கணிதம் என்றும் இரண்டு வகை உண்டல்லவா? அந்த வாக்கியமேதான். எழுத்துகளுக்கு எண்மதிப்புக் கொடுத்து, அவ்வெழுத்துகளாற் சொற்களை ஆக்கி, சந்திரனின் இயக்கத்தை 248 வாக்கியங்களாக அமைத்தனர் முன்னோர். பாட்டை மனனஞ் செய்தவன் அட்டவணையையே மனனஞ் செய்தவனாவான். நூலைச் சுமக்க வேண்டியதில்லை. நாவிலே நூல் இருந்தது.

அற்புதமான கலைதான். ஆனால் அந்தக் கணிதரை நாம் அறிவது எப்படி? லெ ஜென்டில் ஊர் திரும்பி அச்சிட்ட பிரயாண நூலின் வழியாக. அவருடைய விடைகள் எத்தனை விநாடி பிழைத்தன என்பது தெரிகிறது. அந்த விநாடிகளை அவர் எப்படி நினைத்தார், தம் முன்னே குந்தியிருந்த வெள்ளைக்கார மாணாக்கரைப் பற்றி வீட்டிலே என்ன சொன்னார் என்பது தெரியவில்லை.

அதே புதுச்சேரியில் இதற்கு மாறான ஒருவரும் வாழ்ந்தார். ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் தாம் 1761 ஜனவரியில் இறக்கும் வரை, கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பாகத் தமிழிலே எழுதி வைத்தார். ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் அது வீட்டிலே கிடந்து, 1846இல் வெளிச்சத்துக்கு வந்தது. இன்று அக்காலத்துப் புதுச்சேரியைப் பற்றி எழுதும் எவரும் அந்தத் தமிழரிடம் கேட்காமல் எழுத முடியாது. ஒரே ஊர். ஒருவர் நாவில் வைத்திருந்தார், ஒருவர் தாளில் வைத்தார். வேறுபாடு அவ்வளவுதான்.

மறுபடியும் ஜான்செனிடம் வருவோம். 1870 டிசம்பரில் பாரிஸ் நகரம் பிரஷ்யப் படையால் முற்றுகையிடப்பட்டிருந்தது. அல்ஜீரியாவிலே நிகழவிருந்த கிரகணத்தைப் பார்க்க அவர் பலூனில் ஏறி எதிரிகளின் தலைக்கு மேலாகப் பறந்து சென்றார். அங்கும் மேகம். அடுத்த கிரகணம் 1871 டிசம்பர் 12ஆம் திகதி. அது கடந்து செல்லும் பாதையில் நமது யாழ்ப்பாணமும் திருகோணமலையும் இருந்தன. ஆங்கிலேய அவதானிகள் அவ்விரு ஊர்களிலும் கருவிகளை நிறுத்தினர். ஜான்சென் தெரிவுசெய்ததோ நீலகிரி மலை. காலைப் பனிமூட்டம் எங்கே குறைவு என்று விசாரித்து, சோலூர் என்ற மலைக்கிராமத்தில் நின்றார். இம்முறை வானம் அவரைக் கைவிடவில்லை. கிரகண நேரத்திற் சூரியனைச் சுற்றித் தெரியும் வெண்ணொளி முடி, வெறும் கண்மாயமன்று, சூரியனைச் சூழ்ந்துள்ள பொருளே என்பதற்குச் சான்று கண்டு பாரிஸுக்கு எழுதினார்.

கழகத்துக்கு எழுதியவை மட்டுமல்ல, மனைவி ஹென்றியட்டுக்குப் பிரயாணங்களின்போது அவர் எழுதிய கடிதங்களும் பாரிஸ் நகரத்தில் பிரான்சு நிறுவனத்தின் நூலகத்திலே பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றை வாசித்துப் பிரான்சுவாஸ் லோனே என்ற ஆய்வாளர் 2008இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். மனைவிக்கு எழுதிய கடிதமும் சாட்சி என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அதை எழுதும்போது எவரும் வரலாற்றுக்கு என்று எழுதுவதில்லை.

நீலகிரி என்றதும் ஹட்டன், நுவரெலியாப் பகுதியில் இதனைப் படிப்போர் பலரின் மனம் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கென்று ஒதுக்கப்பட்டனர். அவ்வாறு கப்பலேறியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968 முதல் நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. கோத்தகிரி, கூடலூர், குன்னூர் என்ற பெயர்கள் நமது லயங்களிலே அறிமுகமான பெயர்களாயின. பாரிஸ் விஞ்ஞானி பனிமூட்டத்தை விசாரித்த அதே மலைத்தொடரிலிருந்து, நூறாண்டு கழித்து நமது உறவுகள் கடிதம் எழுதின. முன்னவரின் கடிதம் காப்பகத்தில் இருக்கிறது. நமது கடிதங்கள் எங்கே?

இந்த மலைநாட்டிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. இலங்கையிலே தேயிலையை முதன்முதல் வர்த்தகப் பயிராக வளர்த்த ஜேம்ஸ் டெயிலர் 1852 முதல் 1892 வரை லூல்கந்துரையில் வாழ்ந்து, ஸ்கொட்லாந்திலுள்ள தம் தந்தைக்கும் உறவினருக்கும் கடிதங்கள் எழுதினார். குடும்பத்தார் அவற்றைப் பேணினர். இன்று அவை எடின்பரோ நகரின் ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகத்தில் உள்ளன. அவற்றை அடிப்படையாகக் கொண்டு 2017இல் ஒரு பெருநூலே வெளிவந்தது. 1867இல் 19 ஏக்கரிலே கன்று நட்ட கைகள் தமிழருடையவை. அந்தக் கைகளை நாம் துரையின் கடிதங்களின் வழியாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. நம்மவர் பாடினார்கள். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அப்பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் அந்தக் குரலும் காற்றோடு போயிருக்கும்.

தாள் இல்லாமையின் விலையை நமது மக்கள் வேறு விதத்திலும் கொடுத்தார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் இந்நாட்டிலே பிறந்தமைக்கு அத்தாட்சி கேட்டது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டம் இடைவிடாது இங்கே வசித்தமைக்கு அத்தாட்சி கேட்டது. ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கே. சட்டத்தின் நோக்கமே வேறு என்பதை மறந்து, தாள் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் எவர், எங்கே, எப்போது என்ற அதே மூன்று கேள்விகளைத்தான் அங்கும் கேட்டார்கள். நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத்தில் முடிவு காண 2003ஆம் ஆண்டு வரை செல்ல வேண்டியிருந்தது. கடிதம் சேர்வதற்குக்கூட லயத்துக்குத் தனி முகவரி இருந்ததில்லை. தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கைமாறியே அது உரியவரைச் சேர்ந்தது.

சென்ற வருடம் என் வகுப்பிலே, வீட்டிலுள்ள பழைய கடிதங்களைக் கொண்டுவரும்படி கேட்டேன். ஒரு மாணவி நீல நிற ஏரோகிராம் ஒன்றைக் கொண்டுவந்தாள். கோத்தகிரியிலிருந்து அவளுடைய தாத்தாவின் தம்பி எழுதியது. சுகம் விசாரித்து, அங்கும் இதே குளிர், இதே கொழுந்து என்று சொல்லி, நேர்த்திக்கடன் ஒன்றை நினைவூட்டி, அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமற் போனதை ஒரே வரியில் எழுதி முடித்திருந்தார். மேலே இடமும் திகதியும் சரியாக இருந்தன. அன்றைய பாடத்துக்கு அதற்கு மேலான நூல் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமது மலையிலே கடிதத்துக்கு முதற் சத்துரு ஈரம். பழைய கடிதங்களைச் சுவரோரமாகவோ, அடுப்புப் புகை படும் இடத்திலோ வைக்க வேண்டாம். மடிப்பை விரித்துச் சமமாக வையுங்கள். குண்டூசி, கிளிப் முதலியவை துருப்பிடித்துத் தாளைத் தின்னும், கழற்றிவிடுங்கள். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்ட வேண்டாம், லமினேட் செய்யவே வேண்டாம். எழுதியவர் யார், பெற்றவர் யார் என்பதை வேறொரு தாளில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள். உறையையும் எறியாதீர்கள், தபால் முத்திரை அதிலேதான் இருக்கிறது. பின்னர் படம்பிடித்து ஒரு பிரதியை வேறிடத்தில் வையுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் எரிந்தன என்பதை நாம் மறக்கக் கூடாது. இன்று நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகள் இத்தகைய ஆவணங்களை மின்வடிவிலே பேணுகின்றன. கம்பளைக்கு அருகே பீக்கொக் தோட்டத்தில் தொழிலாளர் வாழ்வுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

ஜான்செனின் கடிதத்தைப் பேணப் பாரிஸிலே ஒரு கழகம் இருந்தது. டெயிலரின் கடிதத்தைப் பேண ஸ்கொட்லாந்திலே ஒரு குடும்பம் இருந்தது. புதுச்சேரிக் கணிதரின் சோகிகளை அள்ளிவைக்க எவரும் இருக்கவில்லை. நம் வீட்டுத் தகரப் பெட்டியிலுள்ள ஏரோகிராம் இந்த மூன்றில் எந்த வரிசையிற் சேரப்போகிறது என்பது பெட்டியின் திறப்பை வைத்திருப்பவர் கையில் இருக்கிறது.